அக்கரையில் நிற்கும் மாடு

லிஃப்ட் மெக்கானிக்கின் குடும்ப வாழ்க்கை தினமும் மாலை ஆறு மணிக்குத் தொடங்கி ஆறே முக்காலுக்கு முடிந்துவிடும்.

மனைவி நர்ஸ். பதினோரு மணி நேரப் பஸ் பயணத்துக்கு அப்பால் இருந்த ஓர் ஆஸ்பத்திரிக்கு அவளை இரண்டு வருடத்துக்கு மாற்றியிருந்தார்கள். மாற்றல் கடிதத்தில் ‘பொதுநலன் கருதி’ என்று போட்டிருந்தது. அந்தப் பொதுவில் தாங்கள் இருவரும் சேர்த்தி இல்லை என்று புரிந்துகொண்டு அவள் பெட்டியைக் கட்டினாள், இவர் பஸ் ஏற்றிவிட்டு வந்தார்.

முதல் மாதம் போனில் பேசிப் பார்த்தார்கள். ‘சாப்டீங்களா?’ ‘சாப்டேன். நீ?’ ‘சாப்டேன்.’ அதற்குப் பிறகு இருவரும் போனைக் காதில் வைத்துக்கொண்டு மூச்சு விடுவார்கள். ஒன்பது வருடம் ஒரே வீட்டில் இருந்தவர்கள். வெங்காயம் உரிக்கும்போதும் துணி மடிக்கும்போதும் பேச்சு தானாக வரும் என்று பழகியவர்கள். சும்மா உட்கார்ந்து பேசு என்றால் பேச்சு எங்கிருந்து வரும்?

அந்தச் சமயத்தில்தான் மச்சினன் புதுசு ஒன்று வாங்கிக்கொண்டு, தன் பழைய கன்சோலை அக்கா வீட்டுக்குத் தள்ளிவிட்டான். டிவியில் செருகி விளையாடும் கறுப்புப் பெட்டி. அதில் ‘ஆற்றங்கரை’ என்று ஒரு விளையாட்டு இருந்தது. சுடுவது, குத்துவது, துரத்துவது எதுவும் கிடையாது. ஆற்றோரம் ஒரு துண்டு நிலம், ஒரு குடிசை, ஒரு மாடு, அவ்வளவுதான். மனைவி அதே விளையாட்டை ஹாஸ்டல் பொது அறையில் கிடந்த லேப்டாப்பில் போட்டுக்கொண்டாள். இவர் டிவியில், அவள் லேப்டாப்பில், ஆனால் இருவரும் ஒரே கரையில். மைக்கை வைத்துக்கொண்டு புல் அறுப்பார்கள், வேலி கட்டுவார்கள், பால் கறப்பார்கள். கைக்கு வேலை வந்ததும் வாய்க்குப் பேச்சு வந்துவிட்டது. எந்த வார்டில் யார் மயங்கி விழுந்தார், எந்தக் கட்டடத்தில் யார் லிஃப்டில் மாட்டிக்கொண்டு அழுதார் என்று முக்கால் மணி நேரம் போவதே தெரியாது.

மாட்டுக்கு அவள் ‘சூப்பர்வைசர்’ என்று பெயர் வைத்திருந்தாள். அவளுடைய வார்டு சூப்பர்வைசரும் இப்படித்தானாம். நாள் முழுக்க எதையோ மென்றுகொண்டு, மற்றவர்கள் வேலை செய்வதை முறைத்துக்கொண்டு நிற்பாராம்.

இப்படி ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த குடித்தனத்தில்தான் கம்பெனி முன்னேற்றத்தைக் கொண்டுவந்து போட்டது.

ஒரு திங்கட்கிழமை விளையாட்டைத் திறந்தால், ‘அக்கரை வந்துவிட்டது’ என்று அறிவிப்பு. ஆற்றுக்கு அந்தப் பக்கம் புதுசாக ஒரு நிலப்பரப்பு. மரம், மலை, இடுப்பளவு புல். அதை இறக்கிக்கொள்ள நாற்பது ஜிபி இடம் வேண்டும் என்றது. மெக்கானிக் மச்சினன் சேர்த்து வைத்திருந்த இரண்டு கார் விளையாட்டுகளை அழித்து இடம் பண்ணினார். மறுநாள் மாலைதான் இறங்கி முடிந்தது. ஆற்றின் குறுக்கே ஜம்மென்று ஒரு பாலம் நின்றது. இக்கரைக்கு அக்கரை பச்சை என்பார்களே, இங்கே உண்மையிலேயே பச்சைதான். சூப்பர்வைசர் அதைப் பார்த்துவிட்டு மெல்லுவதையே நிறுத்திவிட்டது.

மனைவி மாட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு முதலில் நடந்தாள். பாலத்தின் தலைமாட்டில் காக்கிச் சட்டை போட்ட காவல்காரப் பொம்மை ஒன்று அவளுக்கு சல்யூட் வைத்து வழிவிட்டது. பின்னாலேயே இவர் போனார். காவல்காரர் கையை நீட்டித் தடுத்தார். ‘இந்த அனுபவம் கன்சோலில் தனியாக விற்பனைக்குக் கிடைக்கிறது’ என்று எழுத்து ஓடியது. கீழே விலை. அவள் ஊருக்குப் போய்வர ஆகும் பஸ் கட்டணம் எவ்வளவோ, கிட்டத்தட்ட அவ்வளவு.

“என்னங்க அங்கயே நிக்கிறீங்க? வாங்க.”

“காசு கேக்குறான்.”

“என்கிட்ட கேக்கலியே.”

“உன்கிட்ட லேப்டாப். கம்ப்யூட்டர்னா இலவசமாம். கன்சோல்னா காசாம்.”

சரி, நான் திரும்பி வந்துவிடுகிறேன் என்று அவள் மாட்டைத் திருப்பினாள். காவல்காரர் இந்தத் தடவை அவள் பக்கம் திரும்பிக் கையை நீட்டினார். ‘முன்னேற்றம் பின்னோக்கிச் செல்வதில்லை’ என்று எழுத்து ஓடியது. அக்கரைக்குப் போனவர் போனவர்தான். கம்பெனியின் கொள்கை அது.

ஆக ஒரு கரையில் புருஷன், மறு கரையில் பெண்டாட்டியும் மாடும். நடுவில் ஆறு. தூரம் கூடக் கூடக் குரல் தேயும்படி அந்த விளையாட்டை அமைத்திருந்தார்கள். அதற்காக ஏதோ விருதுகூட வாங்கியிருந்தார்களாம். இந்தக் கரையில் பேசினால் அந்தக் கரையில் கேட்கக் கத்த வேண்டியிருந்தது. இரண்டு நாள் கத்திப் பார்த்தார்கள். “பால் எவ்வளவு கறந்துச்சு?” என்று மனைவியின் லேப்டாப்பிலிருந்து ஓர் ஆண்குரல் அலறுவதைக் கேட்டு ஹாஸ்டல் வார்டன் ஓடிவந்துவிட்டார். மூன்றாம் நாள் மறுபடி போனுக்கு வந்தார்கள். ‘சாப்டீங்களா?’ ‘சாப்டேன். நீ?’

காசைக் கட்டித் தொலைத்துவிடுங்கள் என்றாள் அவள். மெக்கானிக் கஞ்சர் இல்லை. ஆனால் அவருக்கு அது ஆறவில்லை. நாற்பது ஜிபி அக்கரை அவர் வீட்டில், அவர் டிவிக்குக் கீழே, அவர் கட்டுகிற கரண்ட்டில்தான் இருக்கிறது. தன் வீட்டு அலமாரியைத் தானே திறக்க எவனோ ஒருவனுக்குக் காசு கொடுப்பதா? அந்தக் காசுக்குப் பஸ் ஏறினால் நிஜப் பெண்டாட்டியையே பார்த்துவிட்டு வரலாமே என்றார். வந்தால் என்ன, எனக்கு லீவு தர வேண்டாமா என்றாள். அதுவும் நியாயம்தான்.

நாலாவது நாள் அவள் குரலில் கொஞ்சம் தெம்பு தெரிந்தது. அக்கரையில் ஓர் ஆட்டுக்காரர் பழக்கமாகியிருக்கிறாராம். வேறு ஏதோ ஊர், கம்ப்யூட்டர்காரர். சூப்பர்வைசரைக் கறக்க உதவி செய்தாராம். ரொம்ப நல்ல மாதிரியாம்.

“ஆட்டுக்காரனுக்கு மாட்டைப் பத்தி என்ன தெரியும்?” என்றார் மெக்கானிக்.

மறுநாள் காலை சட்டையை மாற்றிக்கொண்டு கம்பெனிக்குக் கிளம்பினார்.

கம்பெனியைத் தேடி அலைய வேண்டிய அவசியம் இருக்கவில்லை. அந்த ஊரிலேயே, அவர் பதினோரு வருடமாகப் பார்த்துவரும் ஒன்பது மாடிக் கட்டடத்தின் ஒன்பதாவது மாடி முழுக்க அவர்களுடையது. லிஃப்டின் கயிறு, சக்கரம், கதவு எல்லாம் அவருக்கு அத்துபடி. அந்த மாடியில் கதவுக்கு வெளியே கால் வைத்தது அன்றைக்குத்தான்.

வாசலில் இரண்டு வரிசை. கம்ப்யூட்டர் வரிசையில் நாற்காலிகள் போட்டிருந்தன. கன்சோல் வரிசையில் நாற்காலி இல்லை. ஏன் என்று கேட்டார். கன்சோல்காரர்கள் வீட்டில் எப்போதும் உட்கார்ந்தே இருப்பவர்கள், இங்கேயாவது கொஞ்சம் நிற்கட்டும் என்று நிர்வாகம் அக்கறையோடு செய்த ஏற்பாடாம். ஒரு மணி நேரம் நின்ற பிறகு ‘நுகர்வோர் பாசப் பிரிவு’ என்று பலகை மாட்டிய அறைக்குள் கூப்பிட்டார்கள். உள்ளே இருந்த அதிகாரி அம்மாள் சிரித்த முகம். சிரிப்பை ஒருமுறை மாட்டிவிட்டுக் கழற்ற மறந்துவிட்ட மாதிரி இருந்தது. மெக்கானிக் மாடு போன கதையைச் சொல்லி முடிக்கும்வரை அது கொஞ்சமும் அசையவில்லை.

“சார், உங்க வருத்தம் எங்களுக்குப் புரியுது” என்றார் அந்த அம்மாள். “ஆனா கம்ப்யூட்டர்ல விளையாடுறவங்களையும் நினைச்சுப் பாருங்க. பாவம், மேசை முன்னாடி, கட்டை நாற்காலியில, கழுத்தை நீட்டிக்கிட்டு விளையாடுறாங்க. நீங்க அப்படியா? சோபாவுல சாஞ்சுக்கிட்டு, காலை நீட்டிக்கிட்டு, பெரிய டிவியில பாக்குறீங்க. ஆறு ஒண்ணுதான் சார். ஆனா சோபாவுலருந்து பாக்குற ஆறு வேற. அந்த வித்தியாசத்துக்குத்தான் கட்டணம்.”

“சோபாவை நான்தானேம்மா வாங்கணும்?”

“ஆமா. அதை நாங்க தடுக்கவே இல்லையே.”

“என் வீட்டுல சோபாவே கிடையாதும்மா. பெயிண்ட் டப்பாவைக் கவுத்துப் போட்டு அது மேலதான் உக்காந்திருக்கேன்.”

அந்த அம்மாள் கம்ப்யூட்டரில் எதையோ தட்டிப் பார்த்தார். சோபா இல்லாத கன்சோல்காரர் என்று ஒருவரைப் பதிவு செய்ய அதில் இடமே இல்லை. பக்கத்து அறைக்குப் போய் யாரையோ கலந்துகொண்டு வந்தார். விண்ணப்பதாரர் சோபா இல்லாதவர் என்று நிரூபணமானால் அவரை ‘மனத்தளவில் கம்ப்யூட்டர் பயனர்’ என்று கருத விதியில் இடம் இருக்கிறதாம். வீட்டுக்கு ஆசன ஆய்வாளர் வருவார், ஒத்துழைப்புத் தாருங்கள் என்றார்.

ஆசன ஆய்வாளர் வியாழக்கிழமை வந்தார். கழுத்தில் அட்டை, கையில் அளவு நாடா, தோளில் ஒரு சின்னத் தலையணை. அந்தத் தலையணை எதற்கென்று அவரும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. ஒற்றை அறை வீடு, ஒரு மேசை, ஒரு கட்டில், டிவி, அதன் முன்னால் கவிழ்த்த பெயிண்ட் டப்பா. டிவிக்கும் டப்பாவுக்கும் உள்ள தூரத்தை அளந்தார். டப்பாவின் உயரத்தை அளந்தார். பிறகு தானே உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். ஐந்து நிமிடம் ஆயிற்று. தூங்கிவிட்டாரோ என்று மெக்கானிக் இருமிப் பார்த்தார்.

“சுகமா இருக்கே” என்றார் ஆய்வாளர், கண்ணைத் திறக்காமல்.

டப்பாவின் விளிம்பு குத்துகிறதென்று மெக்கானிக் தன் பழைய காக்கிச் சட்டை ஒன்றை மடித்து அதன் மேல் போட்டு வைத்திருந்தார். ஆய்வாளர் அதை விரலால் அமுக்கிப் பார்த்து ‘மெத்தைத் தன்மை உண்டு’ என்று குறித்துக்கொண்டார். டப்பாவின் கம்பிப் பிடியையும் தூக்கிப் பார்த்தார். போகும்போது அறிக்கையின் நகல் ஒன்றைக் கொடுத்தார். ‘பயனர் வைத்திருப்பது: சோபா. அமர்வோர்: ஒருவர். வடிவம்: வட்டம். கைப்பிடி: ஒன்று.’

அன்று மாலை மனைவியிடம் அதைப் படித்துக் காட்டினார். அவள் சிரிக்கவில்லை. “ஆட்டுக்காரர் இன்னைக்கு சூப்பர்வைசருக்குப் பல்லு பாத்தாருங்க” என்றாள். அவருக்கு அந்த ராத்திரிச் சோறு இறங்கவில்லை.

மேல்முறையீடு ‘தளச் சமத்துவப் பிரிவு’க்குப் போனது. தளம் என்றால் கம்ப்யூட்டர், கன்சோல் என்று விளையாடும் இடங்கள். எல்லாத் தளங்களையும் சமமாக நடத்துவதுதான் அந்தப் பிரிவின் வேலை. பிரிவு என்றால் ஒரே ஓர் அதிகாரி. முகத்தில் களைப்பும் கண்ணில் ஓர் உண்மையும் தெரிந்தது. பொய் சொல்லக்கூடச் சோம்பல்படுகிறவர் போலிருந்தது. மெக்கானிக்கை உட்காரச் சொன்னார்.

“நேராவே சொல்லிடறேன் சார். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி கம்ப்யூட்டர்காரங்ககிட்டயும் காசு கேட்டோம். கேட்ட அன்னைக்கே பூட்டை உடைச்சு எடுத்துக்கிட்டாங்க. அதுல ஒருத்தர் எங்க தப்பு நாலைத் திருத்தி வேற அனுப்பிச்சாரு. அவங்களுக்கு இலவசம்னு நாங்க சொல்றது எங்க மரியாதையைக் காப்பாத்திக்கத்தான். உங்க பெட்டி அப்படி இல்ல. எங்க சாவி இல்லாம ஒண்ணும் திறக்காது. நீங்களும் நல்லவங்க. நல்லவங்ககிட்டதானே சார் காசு வாங்க முடியும்?”

“அப்ப நல்லவனா இருக்கறதுக்கு அபராதமா?”

“அப்படிச் சொல்லக் கூடாது. உங்க விசுவாசத்துக்கு நாங்க குடுக்கற மதிப்புன்னு வச்சுக்கங்க.”

“குடுக்கறது நான் சார்.”

“அதான். உங்க மூலமா குடுக்கறோம்.”

அக்கரை ஏற்கெனவே என் பெட்டிக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறதே என்று மெக்கானிக் கேட்டார். இருக்கிறது, இடம் கொடுத்ததற்கு நன்றி என்றார் அதிகாரி. என் வீட்டில் இருப்பது என்னுடையது இல்லையா என்றார். உங்கள் வீட்டில் இருக்கும் எங்களுடையது என்றார். அப்படியானால் நான் உங்களிடம் வாடகை கேட்கலாமா என்றார். அதிகாரி அதை ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்டு, இதை யாரிடமும் சொல்லிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார்.

“ஒரே ஒரு தடவை கட்டுறதுதானே சார்” என்றார் கடைசியாக. “இதுக்குப் போய் இவ்வளவு தூரம் அலையறீங்களே.”

“கொள்கைன்னு ஒண்ணு இருக்குல்ல?”

“கொள்கைக்கு இங்க தனிப் பிரிவு கிடையாது. நிர்வாக இயக்குநர் கையெழுத்துப் போட்டு ஒரு வரி எழுதிக் குடுத்தா, அடுத்த நிமிஷம் ரெண்டு தளத்துக்கும் ஒரே விதி பண்ணிடுவேன். அவர் எழுதுவாரா, சொல்லுங்க.”

நிர்வாக இயக்குநரை யாரும் பார்க்க முடியாது. காலை பத்து மணிக்கு வருவார், நேராகத் தன் அறைக்குள் போவார், மாலையில் நேராக இறங்கிப் போவார். அவரைத் தினமும் அருகில் பார்க்கும் ஒரே ஜீவன் லிஃப்ட்.

இதைப் படியில் இறங்கும்போதுதான் மெக்கானிக் யோசித்தார். ஏழாவது மாடித் திருப்பத்தில் அப்படியே நின்றுவிட்டார்.

லிஃப்ட் வேலையில் ஒரு பழைய நடைமுறை உண்டு. பராமரிப்புக்காக ஒரு மாடியைப் பூட்டினால், யாராவது அந்தப் பூட்டைப் பற்றிப் புகார் சொன்னால், அதை வாயால் சொன்னால் செல்லாது. புகார் சொல்பவர் தன் கைப்படக் குறிப்பேட்டில் எழுதி, பதவியோடு கையெழுத்துப் போட வேண்டும். கார்பன் வைத்த குறிப்பேடு, மூன்று நகல். அதற்குப் பிறகுதான் மெக்கானிக் சாவியைத் திருப்பலாம். எப்போதோ யாரோ ஒருவர் வாய்ப்பேச்சாகப் புகார் சொல்லிவிட்டுப் பிறகு மறுத்துவிட்டதால் வந்த விதி. பதினோரு வருடத்தில் அந்த விதியை மெக்கானிக் இவ்வளவு பாசத்தோடு நினைத்துப் பார்த்ததே இல்லை.

அடுத்த திங்கட்கிழமை வருடாந்திரப் பராமரிப்பு நாள். காலை ஒன்பதரைக்கே வந்து ஒன்பதாவது மாடியைப் பூட்டினார். டீ கொண்டுவரும் அம்மாவையும், காலில் கட்டுப் போட்டிருந்த கணக்காளரையும் மட்டும் சத்தமில்லாமல் மேலே கொண்டுபோய் விட்டார். பிறகு எட்டாவது மாடியில், லிஃப்ட் வாசலில், வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

பத்து மணிக்கு நிர்வாக இயக்குநர் வந்தார். நல்ல உயரம், நல்ல கோட்டு. லிஃப்ட் எட்டாவது மாடியில் நின்று கதவைத் திறந்தது. அவர் ஒன்பதை அமுக்கினார். விளக்கு எரியவில்லை. மறுபடி அமுக்கினார். பிறகு வெளியே எட்டிப் பார்த்தார்.

“ஒன்பதாவது மாடி என்னாச்சு?”

“அங்கயேதான் சார் இருக்கு” என்றார் மெக்கானிக். “கயிறு அதுவரைக்கும் போகுது. பட்டனும் இருக்கு. படியில வர்றவங்களுக்கு இலவசம். லிஃப்ட்ல வர்றவங்களுக்கு மட்டும் அது தனி அனுபவம், தனிக் கட்டணம்.”

“இது எவன் கண்டுபிடிச்ச நியாயம்?”

“படிச்சவங்கதான் சார். படியில வர்றவங்க பாவம், முட்டி வலியோட ஏறி வர்றாங்க. நீங்க ஃபேன், கண்ணாடி, மெல்லிசான பாட்டு எல்லாத்தோடயும் வர்றீங்க. மாடி ஒண்ணுதான். ஆனா லிஃப்ட்லருந்து பாக்குற மாடி வேற.”

இயக்குநருக்கு முகம் சிவந்தது. இந்தப் பேச்சை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று ஒரு சந்தேகம் அவர் நெற்றியில் வந்து உட்கார்ந்தது. அது அங்கேயே கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, உள்ளே போக வழி தெரியாமல் எழுந்து போய்விட்டது. மேலே பங்குதாரர்கள் காத்திருக்கிறார்கள் என்றார். ஒரே ஒரு மாடிதானே சார், இருபத்திரண்டு படி, ஏறிவிடலாமே என்றார் மெக்கானிக்.

“படியைப் பத்தி இல்லய்யா. இது கொள்கைப் பிரச்சினை. கயிறு இருக்கு, பட்டன் இருக்கு, எல்லாம் ஏற்கெனவே கட்டி வச்சாச்சு. அப்புறம் அதைப் பூட்டி வச்சுக்கிட்டு ஒருத்தனுக்கு சும்மா, ஒருத்தனுக்குக் காசுன்னா, அது பகல் கொள்ளை இல்லையா?”

“எனக்கும் அதே எண்ணம்தான் சார். ஆனா வாயால சொன்னா செல்லாது. இதுல எழுதிக் குடுத்துட்டீங்கன்னா உடனே திறந்துடுவேன்.”

இயக்குநர் குறிப்பேட்டை வெடுக்கென்று பிடுங்கினார். கோபத்தில் எழுதுகிறவர்கள் எப்போதும் அழகாக எழுதுவார்கள். ‘ஒரே இடத்துக்கு ஒரு வழியாக வருபவருக்கு இலவசம், இன்னொரு வழியாக வருபவருக்குக் கட்டணம் என்பது அநியாயம். இரு வழியினருக்கும் ஒரே விதி உடனடியாக அமலாக வேண்டும்.’ கீழே கையெழுத்து, பதவி, தேதி. மெக்கானிக் சாவியைத் திருப்பினார். பாட்டோடு இயக்குநர் மேலே போனார். புகார் வந்து நாலே நிமிடத்தில் சரிசெய்யப்பட்டது என்று குறிப்பேட்டில் பதிவாயிற்று.

இரண்டாவது நகலைக் கிழித்துக்கொண்டு மெக்கானிக் தளச் சமத்துவப் பிரிவுக்குப் போனார். அதிகாரி படித்தார். எழுந்து நின்றுகொண்டு மறுபடி படித்தார். பதினாறு வருடச் சர்வீஸில் அந்தக் கையெழுத்தை அவர் சம்பளக் கடிதத்தில்கூடப் பார்த்ததில்லை. ‘உடனடியாக’ என்ற வார்த்தையின் மேல் விரலை வைத்துக்கொண்டு, இன்றைக்கே முடித்துவிடுகிறேன் சார் என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. முதல்முறையாகத் தன் பிரிவுக்கு வேலை வந்திருக்கிறது.

மெக்கானிக் வீட்டுக்கு வரும் வழியில் பாட்டு முணுமுணுத்தார். ஐந்தே முக்காலுக்கே டப்பாவில் உட்கார்ந்துவிட்டார். பாலத்துக்குப் போய்க் காவல்காரர் முன்னால் நின்றார். ஆறு மணி அடித்தது. காவல்காரர் கையை இறக்கவில்லை.

தொப்பென்று ஒரு சத்தம். பக்கத்தில் மனைவி வந்து விழுந்தாள், கையில் பால் வாளியோடு. அவளுக்குப் பின்னால் ஒருவர், அவருக்குப் பின்னால் பத்துப் பேர். பிறகு கரை முழுக்கத் தொப்புத் தொப்பென்று ஆட்கள், மண்வெட்டியோடும் பாதி கட்டின வேலியோடும், ஆடு இல்லாத வெறும் கயிறுகளோடும். கம்ப்யூட்டர்காரர்கள் அத்தனை பேரும் இக்கரையில் கிடந்தார்கள். திரையில் பெரிய எழுத்து ஓடியது.

‘கன்சோல் நண்பர்களின் நெடுநாள் கோரிக்கை நிறைவேறியது! இனி எந்தத் தளத்துக்கும் பாகுபாடு இல்லை. இன்று முதல் அக்கரை எல்லோருக்கும் கட்டணம்.’

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைதான். இரண்டு விதிகளை ஒன்றாக்கச் சொன்னால், எந்த விதியை வைத்துக்கொள்வது என்பது அந்தக் கம்பெனிக்கு இரண்டு தடவை யோசிக்க வேண்டிய விஷயமா? முன்னேற்றத்துக்கும் ரிவர்ஸ் கியர் உண்டு என்று மட்டும் அன்றைக்குத் தெரியவந்தது. ஆட்களுக்குத்தான் அந்த கியர். ஆடு மாடுகள் ‘பயனர்’ என்ற வரையறைக்குள் வராததால் அவை அக்கரையிலேயே நின்றன.

மூன்று நாளில் மெக்கானிக் வீட்டுக்கு ஒரு கடிதமும் வந்தது. சமத்துவத்துக்காகக் குரல் கொடுத்ததற்குப் பாராட்டு. கூடவே அக்கரைக்குப் பத்து சதவீதத் தள்ளுபடிக் கூப்பன். கீழே பொடி எழுத்தில், ‘கம்ப்யூட்டரில் மட்டும் செல்லும்’.

ஆனால் அது பிறகு வந்தது. அந்தத் திங்கட்கிழமை மாலை மனைவி வாளியைக் கீழே வைத்துவிட்டு மூச்சு வாங்கினாள். சுற்றிலும் சனங்கள் சபித்துக்கொண்டிருந்தார்கள்.

“எவனோ ஒரு புண்ணியவான் மனுப் போட்டிருக்கான் பாருங்க” என்றாள். “நல்லா இருப்பானா அவன்?”

மெக்கானிக் டப்பாவின் மேல் நெளிந்தார். பிறகு, “நான்தான்” என்றார்.

நடந்ததை எல்லாம் சொன்னார். ஆசன ஆய்வாளரின் தலையணை, இருபத்திரண்டு படி, இயக்குநரின் அழகான கையெழுத்து, எல்லாவற்றையும். சரி, இனி போனிலும் பேச மாட்டாள் என்று நினைத்தார். திடீரென்று மைக்கில் ஒரு வெடிச்சிரிப்பு கேட்டது. அவளுக்குச் சிரிப்பு அடங்க ஐந்து நிமிடம் ஆயிற்று. இதற்கிடையில் பக்கத்தில் ஒருவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, சூப்பர்வைசரின் கடைவாய்ப் பல் ஒன்று ஆடுகிறது, கவனித்துக்கொள்ளுங்கள் என்றார். அதுதான் ஆட்டுக்காரர். எழுபத்து நாலு வயது, ஓய்வுபெற்ற பல் டாக்டர். மெக்கானிக்குக் கொஞ்சம் வெட்கமாகப் போயிற்று.

இருவரும் ஆற்றோரமாக உட்கார்ந்தார்கள். கறக்க மாடு இல்லை, புல் அறுத்துப் போட்டால் தின்ன ஆளில்லை. அக்கரையில் சூப்பர்வைசர் இடுப்பளவு புல்லில் நின்று, வேலை செய்ய ஆளில்லாமல் போய்விட்ட கரையை முறைத்துக்கொண்டு மென்றது. அதைப் பார்த்துக்கொண்டே பேசினார்கள். ஆறே முக்கால் ஆனது தெரியவில்லை, ஏழரை ஆனதும் தெரியவில்லை. மாதக் கடைசியில் இரண்டு நாள் லீவு கேட்டிருப்பதாக அவள் சொன்னாள். அந்தப் பஸ் காசு அப்படியே இருக்கிறது என்றார் இவர்.

ஒரு வாரம் இப்படிப் போயிற்று. தினமும் ஆறு மணிக்கு இருவரையும் பார்த்ததும் சூப்பர்வைசர் ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ‘அம்மா’ என்று ஒரு குரல் கொடுக்கும். அதைக் கேட்டுவிட்டுத்தான் பேச்சே தொடங்கும்.

எட்டாம் நாள் மாடு வாயைத் திறந்தது, சத்தம் வரவில்லை. மெக்கானிக் டிவியைத் தட்டிப் பார்த்தார். திரையின் அடியில் எழுத்து ஓடியது. ‘அக்கரை ஒலிகள்: கம்ப்யூட்டரில் இலவசம். கன்சோலில் தனி அனுபவம்.’

“உனக்குக் கேக்குதா?” என்றார்.

“கேக்குதே. இப்பக்கூடக் கத்துறா.” அவளும் எழுத்தைப் படித்துவிட்டாள் போலிருக்கிறது. “இருங்க” என்றாள்.

ஹாஸ்டல் பொது அறையில் வார்டன் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நாலு நர்ஸ்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அவள் மைக்கை வாய்க்குப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து ‘ம்மா…’ என்று கத்தினாள்.

பதினோரு மணி நேரப் பஸ் தூரத்தில் பெயிண்ட் டப்பாவின் மேல் உட்கார்ந்திருந்த மெக்கானிக்குக் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரிப்பு வந்தது. இன்னொரு தடவை என்றார். கத்தினாள். அது இலவசமாகத்தான் இருந்தது. கம்பெனிக்கு இன்னும் தெரியாது.